சினிமாப் பாட்டுக் காதுக்கு முதல் ஜாஸ் எது, முதல் பாஹ் எது?

‘உலகின் தலைசிறந்த 100 ஆல்பங்கள்’ என்கிற மாதிரிப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு கேட்கத் தொடங்குகிறவர்கள் பலர் இரண்டாவது ஆல்பத்தைத் தாண்டுவதில்லை. ஆல்பத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எது பெரியது என்று பட்டியல் சொல்லிவிடுகிறது. எந்த வாசல் வழியாக நுழைவது என்பதை மட்டும் சொல்வதில்லை.

நம் காது பழகிய விதம் வேறு. ஐந்து நிமிடப் பாட்டு. அரை நிமிட முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி. குரல் வந்தே தீர வேண்டும், பல்லவி திரும்பியே தீர வேண்டும். இந்தக் காதிடம் ஒன்பது நிமிட வாத்திய இசையைக் கொடுத்தால் பல்லவிக்காகக் காத்திருந்தே களைத்துப்போகும். ஆனால் அதற்கென்று சில பலங்களும் உண்டு. தாளம் போடத் தெரியும், ஸ்வரத்தைப் பிடிக்கத் தெரியும், கோயில் விருத்தமும் திருவிழா உருமியும் கேட்டிருக்கும். அந்தப் பலத்தில் எந்த ஆல்பம் பற்றிக்கொள்ளும் என்பதுதான் இங்கே தேர்வுக்கான அளவுகோல். புகழ் இரண்டாம் பட்சம்.

கேட்பதற்கு முன் செயலி

நல்ல ஆல்பம் பிடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் செயலியின் அமைப்புகள்தான். மூன்று நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

ஷஃபிளை அணையுங்கள். கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அது ஐந்து விநாடியில் இருந்தால் ஒரு பாட்டின் கடைசி ஸ்வரத்தின் மேல் அடுத்த பாட்டின் முதல் ஸ்வரம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விடாமல் ஓட்டும் ‘கேப்லெஸ்’ என்று ஒரு வசதி இருந்தால் அதை இயக்குங்கள். ஆட்டோபிளேயையும் நிறுத்திவிடுவது நல்லது. ஆல்பம் முடிந்த கையோடு செயலி தன் இஷ்டத்துக்கு எதையாவது ஓட்டினால், முடிவின் அமைதியே போய்விடும்.

அடுத்தது பதிப்பு. ஒரே ஆல்பத்துக்கு ‘டீலக்ஸ்’, ‘லெகஸி’, ‘50ஆம் ஆண்டு’ என்று ஐந்தாறு பதிப்புகள் வரும். முதல் தடவை கேட்க, முதலில் வெளிவந்த ட்ராக்குகள் மட்டுமே உள்ள பதிப்பைத் தேடுங்கள். கீழே வரும் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்ற ஜாஸ் ஆல்பத்தில் ஐந்தே ட்ராக்தான். நீட்டிய பதிப்பில் கடைசி ட்ராக்கை இன்னொரு தடவை வாசித்துப் பதிந்த டேக் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். தெரியாமல் கேட்பவர், ‘இதைத்தானே இப்போது கேட்டோம்’ என்று குழம்புவார்.

மூன்றாவது, போன் ஸ்பீக்கர். பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸில். அவ்வளவு கீழே இறங்கும் சக்தி எந்த போன் ஸ்பீக்கருக்கும் கிடையாது. ஜமைக்காவின் ரெகே இசையைப் போன் ஸ்பீக்கரில் கேட்பது நாகஸ்வரம் இல்லாமல் ஒத்து மட்டும் கேட்பது போல. சாதாரண வயர் இயர்போன் போதும், ஆனால் அது காதில் இறுக்கமாக உட்கார வேண்டும். ரப்பர் முனை சற்றுத் தளர்ந்தாலே முதலில் போவது பேஸ்தான்.

ஜாஸ்: மூன்றில் ஒன்று

போட்டியில் மூன்று. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959), டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’ (1959), ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ (1964இல் பதிவாகி 1965இல் வெளிவந்தது).

தாளம் போடும் கைக்கு ‘டைம் அவுட்’ உடனே பிடித்துவிடும். மூன்றாவது ட்ராக்கான ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கை. ஐந்து என்றதும் நம் கை கண்டசாபுவுக்குப் போகும்: தக தகிட. போட்டுப் பாருங்கள், உட்காராது. இங்கே பிரிவு தலைகீழ். மூன்று முதலில், இரண்டு பிறகு: தகிட தக. பியானோ அதே கட்டத்தைப் பாட்டு முழுக்க விடாமல் வாசிப்பதால், ட்ரம்ஸ் தனி வரும்போதும் கணக்கு கைவிட்டுப் போகாது. முதல் ட்ராக் ‘ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்’ ஒன்பது எண்ணிக்கை. தக தக தக தகிட என்று மூன்று முறை, நான்காவது முறை தகிட தகிட தகிட. இந்தக் குழு 1958இல் மேற்கொண்ட நீண்ட பயணத்தில் துருக்கிக்கும் போனது, இந்தியா வந்து மதராஸிலும் வாசித்தது. இந்த ஒன்பது, இஸ்தான்புல் தெருவில் கேட்ட கணக்கு.

ஆனால் இந்த ஆல்பத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, பலரும் சொல்வதில்லை. ஒன்பதில் ஆரம்பித்த ‘ப்ளூ ரோண்டோ’வில் சாக்ஸஃபோன் தனி வரும் இடத்தில் கணக்கு சாதாரண நான்குக்கு இறங்கிவிடும். கணக்கு வாசலில் தோரணமாகத் தொங்குகிறது, கூடத்துக்குள் வருவதில்லை. இதைக் கண்டுகொண்ட பிறகு ஆல்பத்தின் பாதி வியப்பு குறைந்துவிடுகிறது. ஐந்திலேயே நின்று தனி வாசிப்பதால்தான் ‘டேக் ஃபைவ்’ மட்டும் தப்பிக்கிறது.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் எண்ண வேண்டியது வேறு. முதல் ட்ராக் ‘ஸோ வாட்’. அரை நிமிடத்துக்குத் தாளம் பிடிபடாத முன்னுரை. பிறகு டபுள் பேஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்ற வாத்தியங்கள் இரண்டே சொல்லில் பதில் தரும். பல்லவி என்று நினைத்தால் இதுதான் பல்லவி, இதற்கு மேல் வராது. இனி ஒவ்வொருவராகத் தனி வாசிப்பார்கள். அந்தத் தனிகள் எதன்மேல் ஓடுகின்றன என்று தெரிந்துகொண்டால் போதும், ஒன்பது நிமிடம் நீளமாகத் தோன்றாது.

ஒரு சுற்றுக்கு 32 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுழற்சி, இங்கே நான்கு எண்ணிக்கை). முதல் 16 பார் டி டோரியன், அடுத்த 8 பார் அரைப் படி மேலே ஈ ஃப்ளாட் டோரியன், கடைசி 8 பார் மறுபடி டி டோரியன். டோரியனின் ஸ்வரங்கள் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களே. ஆக, நம் பாஷையில் இது 2 கட்டை கரகரப்பிரியா, திடீரென்று 2½ கட்டை, மறுபடி 2 கட்டை. சுருதிப் பெட்டியை 2 கட்டையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பதினாறு பார் இழைந்து போகும். பதினேழாவது பார் தொடங்கியதும் ‘சுருக்’கென்று பிசகும், எட்டு பார் கழித்து மறுபடி சேரும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மைல்ஸ் இரண்டு சுற்று, கோல்ட்ரேன் இரண்டு, கேனன்பால் ஆடர்லி இரண்டு, பில் எவன்ஸ் பியானோவில் ஒன்று. இரண்டு தடவை இப்படிப் பிசகும் இடத்தைப் பிடித்துவிட்டால், மூன்றாம் தடவை சுருதிப் பெட்டி தேவைப்படாது.

(இதைச் சொன்னதும் ‘அப்போ ஜாஸும் நம்ம ராகம்தான்’ என்று யாராவது கிளம்புவார்கள். ஸ்வரங்கள் ஒன்று, அவ்வளவுதான். கமகம் இல்லாத கரகரப்பிரியாவை எந்த வித்வானும் கரகரப்பிரியா என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.)

சுருதிப் பெட்டி சேரவே இல்லையென்றால் காதைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று ட்ராக்கும் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்று பயன்படுத்திய டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் திரும்ப ஓட்டும்போது இசை சற்றே வேகமாகி சுருதியும் ஏறிவிட்டது. 1992 மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். அதற்கு முந்தைய எல்பி அல்லது சிடி கையில் இருந்தால் ‘ஸோ வாட்’ 2 கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இரண்டாம் பக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

‘எ லவ் சுப்ரீம்’ 33 நிமிடம், நான்கு பகுதி, முழுக்க ஒரு வழிபாடு. நான்கே ஸ்வரம் கொண்ட ஒரு சொல்லைக் கோல்ட்ரேன் முதல் பகுதியில் பன்னிரண்டு சுருதிக்கும் எடுத்துப் போய்க் காட்டுகிறார். பிறகு அதே சொல்லைக் குரலில் திரும்பத் திரும்ப ஓதுகிறார்கள். கடைசிப் பகுதியான ‘ஸாம்’ நமக்கு அந்நியமே இல்லை. ஆல்ப அட்டையில் அச்சான தன் பிரார்த்தனைக் கவிதையை, சொல் சொல்லாக, தாளக்கட்டில்லாமல் சாக்ஸஃபோனில் ‘படிக்கிறார்’. விருத்தம் கேட்ட காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் மூன்றாம் பகுதியின் வேகமும் அடர்த்தியும் புதியவர்களைத் தள்ளிவிடும். ஆறு மாதம் கழித்து வாருங்கள், அதற்குள் தனியாக ‘ஸாம்’ மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

தீர்ப்பு: வாங்க வேண்டியது ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. அதற்கு முந்தின நாள் ‘டேக் ஃபைவ்’ ஒரு ட்ராக்கை மட்டும் இரண்டு தடவை கேட்டுவிடுங்கள். குரல் இல்லாமலும் ஐந்து நிமிடம் உட்கார முடியும் என்கிற நம்பிக்கையை அது தரும்.

பாஹ்: ஒரே கலைஞர், ஒரே அறை, 26 ஆண்டு இடைவெளி

மேற்கத்திய செவ்வியல் இசைக்குள் நுழைய சிம்பொனியைப் பரிந்துரைப்பதுதான் வழக்கம். அறுபது எழுபது வாத்தியங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது எதைப் பின்தொடர்வது என்றே புதுக்காதுக்குப் பிடிபடாது. ஒற்றை வாத்தியம் நல்லது. 1741இல் அச்சான, ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ அதற்கு ஏற்றது. முதலில் ஒரு ஆரியா, பிறகு 30 வேறுபாடுகள், கடைசியில் அதே ஆரியா.

கனடா நாட்டுப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இதை இரண்டு தடவை ஸ்டுடியோவில் பதிவு செய்தார். 1955இல் பதிவானது சுமார் 38 நிமிடம், 1981இல் பதிவானது சுமார் 51 நிமிடம். இரண்டும் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் பதிவானவை. அது முன்னாள் தேவாலயம், உயரமான கூரை. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, ‘டைம் அவுட்’ இரண்டும்கூட அதே அறையில் பிறந்தவைதான். மைல்ஸின் ட்ரம்பெட்டுக்குப் பின்னால் இழையும் அந்தக் கார்வையைக் காதில் வைத்துக்கொண்டு கூல்டின் பியானோவுக்கு வந்தால் ஒரு வேடிக்கை புரியும். அறை ஒன்று, ஆனால் கூல்ட் பதிவில் மைக் பியானோவுக்குள்ளேயே தலையை விட்டது போல நெருங்கி நிற்கிறது. கார்வை குறைவு, ஒவ்வொரு விரலும் தனித்தனி.

1955 பதிப்பு மோனோ. 22 வயதுக்காரரின் வேகம் மலைக்க வைக்கும், ஆபத்தும் அதில்தான். புதியவருக்கு வேகம் மட்டும்தான் கேட்கும். முதல் ஆரியா இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1981இல் அதே ஆரியா மூன்று நிமிடம். கீழே ஓடும் இடதுகையைப் பிடித்துக்கொள்ள அந்த ஒரு நிமிடம்தான் உதவும்.

இடதுகை என்று ஏன் சொல்ல வேண்டும்? பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். ஆரியாவின் அழகான மெட்டை மனதில் வாங்கிக்கொண்டு, அது அடுத்த 30 வேறுபாடுகளில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவார்கள். இருக்காது. பாஹ் எடுத்துக்கொண்டது மேல் மெட்டை இல்லை, கீழே உள்ள பேஸ் வரிசையையும் அதன் ஸ்வரக் கூட்டு ஒழுங்கையும். மேல் மெட்டு காணாமல் போய், கடைசி ட்ராக்கில்தான் திரும்ப வரும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஆரியாவை மட்டும் மூன்று தடவை ஓட்டுங்கள். மூன்றாம் தடவை வலதுகையை மறந்துவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் கீழ் ஸ்வரத்தை மட்டும் பிடியுங்கள். முதல் எட்டு பாருக்கு அவை ஜி, எஃப் ஷார்ப், ஈ, டி, பி, சி, டி, ஜி. நம் கணக்கில் ஸ நி த ப, க ம ப ஸ. இதை முணுமுணுத்தபடி முதல் வேறுபாட்டுக்குப் போங்கள். ஆர்ப்பாட்டத்துக்கு அடியில் அதே எட்டும் வரிசையாக வரும். பிடிபட்ட அந்த நிமிடத்திலிருந்து ஆல்பம் உங்களுடையது.

அடுத்த வாரம், மூன்றால் வகுபடும் எண்களைப் பாருங்கள்: 3, 6, 9 என்று 27 வரை. இவை கேனன்கள். ஒரு குரல் தொடங்கியதை இன்னொரு குரல் பின்னாலேயே வந்து வாசிக்கும். 3இல் அதே ஸ்வரத்தில், 6இல் ஒரு ஸ்வரம் தள்ளி, 9இல் இரண்டு தள்ளி என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். 25ஆவது சோகமான மைனர். எல்லாமே வேகமான 1955 பதிவில்கூட இந்த ஒன்று ஆறு நிமிடத்தைத் தாண்டி நிற்கிறது, 1981இல் எடுத்த நேரத்தையும் மிஞ்சி.

கூல்ட் வாசிக்கும்போது கூடவே முனகுவார். இயர்போனில் அது நன்றாகவே கேட்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். தேடும்போது ‘ஜென்ஃப்’ என்ற பெயரோடு ஒரு பதிப்பு வந்தால் அதைத் தவிருங்கள். 1955 வாசிப்பைக் கணினி வழியே ஒரு பியானோவில் திரும்ப வாசிக்க வைத்து 2007இல் வெளியிட்டது அது. 2002இல் வந்த ‘எ ஸ்டேட் ஆஃப் வொண்டர்’ தொகுப்பில் இரண்டு பதிவும் சேர்ந்தே கிடைக்கின்றன.

தீர்ப்பு: 1981. பேஸ் வரிசை மனப்பாடம் ஆன பிறகு 1955.

நடுவில் பாலம் வேண்டுமென்றால் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986). தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட ஆல்பம், வயலினில் வி.எஸ். நரசிம்மன். ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ ட்ராக்கில் ஓடுவது பாஹின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முன்னுரை, அதனூடே நம்மூர் வயலின். 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் இதைவிடச் சட்டென்று மயக்கும். ஆனால் பாஹுக்குப் போகும் வழி முதலாவதில்தான் இருக்கிறது.

ராக்: உங்களிடம் என்ன இயர்போன் இருக்கிறது?

பிங்க் ஃப்ளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973), பீட்டில்ஸின் ‘ஆபி ரோட்’ (1969). இரண்டும் பெரும்பாலும் பதிவான ஸ்டுடியோ ஒன்றே, லண்டனின் ஆபி ரோட்டில் இருக்கிறது. தேர்வு ரசனையைவிடக் கையிலிருக்கும் சாதனத்தைப் பொறுத்தது.

‘டார்க் சைட்’ 43 நிமிடம் ஒரே மூச்சில் கேட்க வேண்டியது. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. முதல் ட்ராக்கின் அலறல் இரண்டாவது ட்ராக்கின் முதல் அடிக்குள் போய் விழ வேண்டும். செயலி நடுவில் அரை விநாடி இடைவெளி விட்டால் அந்த இடமே பாழ். இரைச்சலான பஸ்ஸில் கேட்டால் கடிகாரச் சத்தமும் ‘மணி’ (பணம்) என்ற பாட்டின் காசுச் சத்தமும் மட்டும்தான் மிஞ்சும். அந்தக் காசுச் சத்தம் ஏழு ஒலித்துண்டுகளை டேப்பில் அளந்து வெட்டி ஒட்டிச் சுழலவிட்டது. ஆகவே பாட்டும் ஏழு. மிஸ்ர சாபுவின் மூன்று நான்கு பிரிவைத் திணிக்காமல் ஒன்று முதல் ஏழு வரை நேராக எண்ணுங்கள். சாக்ஸஃபோன் தனி ஏழிலேயே போகும், கிட்டார் தனி வந்ததும் நான்கு. ‘ப்ளூ ரோண்டோ’வைச் சொன்ன வாய் இதையும் சொல்ல வேண்டும்: இங்கேயும் தனிக்காகக் கணக்கை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சாக்ஸ் ஏற்கெனவே ஏழில் வாசித்துக் காட்டிவிட்டதால், நான்குக்கு இறங்குவது தப்பித்தலாக இல்லாமல் அணை திறந்தது போல இருக்கிறது.

‘த க்ரேட் கிக் இன் த ஸ்கை’யில் சொல்லே இல்லை. கிளேர் டோரியின் குரல் மட்டும், முழுக்க ஆலாபனை. 2005க்குப் பிறகு வந்த பதிப்புகளில்தான் இசையமைப்பில் அவர் பெயரும் இருக்கிறது.

‘ஆபி ரோட்’ இதற்கு நேர்மாறு. மூன்று மூன்றரை நிமிடப் பாட்டுகள், மெட்டு உடனே வாயில் ஒட்டும், மட்டமான இயர்போனிலும் பாதிக்கு மேல் வந்து சேரும். ‘ஹியர் கம்ஸ் த சன்’ நடுவில் ‘சன் சன் சன்’ என்று வரும் இடத்தில் தாளம் போட்டுப் பாருங்கள். மூன்று மூன்றாக அடுக்கிவந்து தீர்மானம் வைத்தது போல விழும். இதை எழுதிய ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றவர். ‘யூ நெவர் கிவ் மீ யுவர் மணி’ தொடங்கி ‘தி எண்ட்’ வரை 16 நிமிடத்துக்குத் துண்டுப் பாட்டுகள் ஒன்றோடொன்று தைத்துக்கொண்டு ஓடும்.

இந்த ஆல்பத்தில் இரண்டு இடத்தில் ‘ஏதோ பழுது’ என்று தோன்றும். ‘ஐ வான்ட் யூ’ ஏழே முக்கால் நிமிடம் கனத்துக்கொண்டே போய், நடு வரியில் கத்தரித்தது போல நின்றுவிடும். டவுன்லோட் அறுந்துவிடவில்லை, அப்படித்தான் வெட்டினார்கள். ‘தி எண்ட்’ முடிந்தும் சில விநாடி மௌனம், பிறகு 23 விநாடிக்கு ஒரு குட்டிப் பாட்டு. அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

தீர்ப்பு: இருட்டறையும் ஓரளவு நல்ல ஹெட்ஃபோனும் முக்கால் மணி நேரமும் உறுதியாகக் கிடைக்கும் என்றால் ‘டார்க் சைட்’. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ‘ஆபி ரோட்’. இரண்டுக்கும் அட்மாஸ் என்கிற சுற்றொலிக் கலவை இருக்கிறது. முதல் தடவை ஸ்டீரியோவிலேயே கேளுங்கள்.

ரெகே: ஹிட்ஸ் கேசட் வேண்டாம்

பாப் மார்லி என்றதும் எல்லோரும் நீட்டுவது ‘லெஜெண்ட்’ (1984). அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து வந்த தொகுப்பு, 14 பாட்டு. நமக்கு ஹிட்ஸ் கேசட் பழகிப்போன பண்டம் என்பதால் கை தானாக அதற்குப் போகும். ஆனால் அந்த 14இல் ஐந்து பாட்டு ‘எக்ஸோடஸ்’ (1977) என்ற ஒரே ஆல்பத்திலிருந்து எடுத்தவை. அந்த ஐந்தோடு, தொகுப்பில் இடம் கிடைக்காத ‘நேச்சுரல் மிஸ்டிக்’ போன்ற கனமான பாட்டுகளும் சேர்ந்து வருமென்றால் மூல ஆல்பம்தான் லாபம். முதல் பக்கம் கோபம், இரண்டாம் பக்கம் காதலும் ஆறுதலும். 1976 டிசம்பரில் மார்லியைச் சுட முயன்ற சம்பவத்துக்குப் பிறகு லண்டனில் பதிவானது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்த வரிசையின் காரணம் விளங்கும்.

ரெகேயில் காது தடுமாறும் இடம் முதல் அடி. சமத்தில் ட்ரம்ஸ் விழும் என்று காத்திருப்போம், அங்கே வெறுமை. ‘ஒன் டிராப்’ என்ற கட்டத்தில் கனத்த அடி மூன்றாவது எண்ணிக்கையில் விழும், கிட்டார் இடைவெளிகளில் மட்டும் வெட்டும். இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகள் பழகியவர்களுக்கு இது ஒரு நாள் வேலை. ‘எக்ஸோடஸ்’ தலைப்புப் பாட்டில் மட்டும் நான்கு எண்ணிக்கையிலும் அடி விழும். குழப்பமாக இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

ராப்

மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2007இல் கொண்டுவந்த ‘கலா’வுக்கு அவருடைய தாயின் பெயர். முதல் ஆல்பமான ‘அருளர்’ தந்தையின் பெயர். ‘கலா’வின் முதல் ட்ராக் ‘பாம்பூ பங்கா’வில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ ஓடுகிறது, ‘பேர்ட் ஃப்ளூ’வில் உருமி. தமிழ்க் காதுக்கு இதைவிட அகலமான வாசல் கிடையாது.

ஆனாலும் இதை ராப் ஆல்பம் என்று கொடுப்பதில் சங்கடம் இருக்கிறது. ‘கலா’வின் பலம் அடியிலும் சத்தத்திலும் இருக்கிறது, சொல்லடுக்கில் இல்லை. ராப்பின் உயிர் சொல்லடுக்கு. அதற்கு நாஸின் ‘இல்மேட்டிக்’ (1994): பத்து ட்ராக், 40 நிமிடத்துக்குள். முதல் ட்ராக் பாட்டே அல்ல, பேச்சும் தெருச் சத்தமும்தான், தாண்டிப் போகலாம். இரண்டாவது ட்ராக்கை வரிகளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். வரியின் கடைசியில் மட்டும் இயைபு தேடாதீர்கள், நடுவில் எதுகை மோனை போல மூன்று நான்கு இடத்தில் ஒலி கொக்கி போட்டுக்கொண்டிருக்கும். கேண்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ (2015) இந்த இரண்டையும்விடப் பெரிய காரியம். ஆனால் 79 நிமிடம், பாதி ஜாஸ். ஜாஸ் காது வந்த பிறகுதான் அது திறக்கும்.

தீர்ப்பு: ‘கலா’வில் நுழைந்து ‘இல்மேட்டிக்’கில் தங்குங்கள்.

மற்றவை, சுருக்கமாக

கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் நம் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்த சக்தி குழுவில் 1976இல் வந்த முதல் ஆல்பத்தைவிட ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ மேல். முதலாவது மேடைப் பதிவு, ஒரு ட்ராக் மட்டும் 29 நிமிடம். இரண்டாவது கொன்னக்கோலில் தொடங்குகிறது, ஸ்டுடியோவில் பதிவானதால் விக்கு விநாயக்ராமின் கடத்தின் ஒவ்வொரு விரலும் தெளிவு.

சூஃபி பக்திப் பாடலான கவ்வாலிக்கு நுஸ்ரத் ஃபதே அலி கானின் ‘ஷாஹென் ஷா’ (1989). அடுத்த ஆண்டு வந்த ‘மஸ்த் மஸ்த்’ கிட்டாரும் கீபோர்டும் சேர்த்த கலவை. கேட்க எளிது, ஆனால் கைத்தட்டலும் பின்பாட்டும் சேர்ந்து சூடேறும் அந்த ஏற்றம் அதில் குறைவு.

க்யூபாவுக்குப் போட்டியே வேண்டாம்: ‘புயெனா விஸ்டா சோஷியல் கிளப்’. 1996 மார்ச்சில் ஹவானாவில் பதிவாகி 1997இல் வந்தது. முதல் பாட்டை எழுதிப் பாடிய கோம்பாய் செகுண்டோவுக்கு அப்போது 88 வயது.

எல்பி வாங்குவதென்றால்

புதிதாக டர்ன்டேபிள் வாங்கியவர்கள் மேலே உள்ளவற்றில் எதை எல்பியாக வாங்குவது? இங்கே கணக்கு மாறுகிறது. ‘கோல்ட்பெர்க்’ வேண்டவே வேண்டாம். மெல்லிய பியானோ ஸ்வரங்களுக்கு நடுவே ஒவ்வொரு தூசியும் ‘டப்’ என்று கேட்கும். அது சிடியிலோ செயலியிலோ இருக்கட்டும். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால் வேகப் பிழையோடு வருகிறது என்று தெரிந்தே வாங்குங்கள்.

முதல் எல்பி ‘ஆபி ரோட்’. செயலியில் ‘ஐ வான்ட் யூ’ சட்டென்று அறுந்த அடுத்த நொடி ‘ஹியர் கம்ஸ் த சன்’ தொடங்கிவிடுகிறது. எல்பியில் அந்த வெட்டு முதல் பக்கத்தின் கடைசி. ஊசி உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அறை அமைதியாக இருக்கும், நீங்கள் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த வெட்டு இந்த மௌனத்துக்காகத்தான் வைக்கப்பட்டது போல இருக்கும்.

பழைய பிரதி என்றால் ட்யூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மயிரிழைக் கோடுகள் நிறைய இருந்தால் பல நூறு தடவை ஓடிய தட்டு. நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒலியிலும் தட்டுப்படும், கண்ணுக்கு மட்டும் தெரியும் கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கடையில் ஓட்டிக் காட்டினால் முதல் பாட்டைக் கேட்டு ஏமாறாதீர்கள். தேய்மானம் முதலில் தெரிவது லேபிளை ஒட்டிய உள்வட்டத்தில். அங்கே ஒரு சுற்றில் ஊசி கடக்கும் நீளம் குறைவு, அதே ஒலி நெருக்கியடித்துப் பதிந்திருக்கும். ஆகவே ‘ஐ வான்ட் யூ’வின் கடைசி இரண்டு நிமிடத்தைப் போடச் சொல்லுங்கள். காற்றுச் சீற்றம் போன்ற ஒலி ஏறிக்கொண்டே போகும், அது பாட்டிலேயே இருப்பது. அதற்கு மேல் கிட்டார் கரகரத்துப் பிசிறினால் மட்டும் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.